சவலைப் பிள்ளையும் தண்ணிக் கஞ்சியும்

திருநெல்வேலியில் மேலப்பாளையம், பேட்டை பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், எடை ஏறாத பிள்ளையைப் பார்த்தால் ‘சவலை விழுந்திருச்சு’ என்பார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதும் முந்தின பிள்ளை தேய்வதைக் கண்டு வந்த சொல். கவனிப்பு சரிதான். ஆனால் கயிறு கட்டியும் ஓதிப் பார்த்தும் தேறவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் கஞ்சித் தம்ளரை எட்டிப் பாருங்கள். அடி தெரியும்.

எட்டு மாதப் பிள்ளை, ஏழு கிலோ. வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 200 மில்லி. தாய்ப்பால் போக, வெளிச்சாப்பாட்டில் நாளைக்கு 200 கலோரி வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி அரிசிமாவு காய்ச்சினால் கிடைப்பது 20 கலோரி. பத்துத் தம்ளரை எந்தப் பிள்ளை குடிக்கும்? அதே தம்ளரில் மூன்று மேசைக்கரண்டி மாவும் (25 கிராம்) ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்ந்தால் 130-ஐ எட்டும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியில் எண்ணெய் மிதக்க மிதக்கக் கொடுக்கிற ஊர் இது; பால்குடிப் பிள்ளைக்கு மட்டும் ‘எண்ணெய் சேராது’ என்கிறோம்.

மாவைக் கூட்டினால் கஞ்சி கட்டியாகிறது, பிள்ளை துப்புகிறது, அம்மா மறுபடி தண்ணீரை ஊற்றுகிறார். காரியம் கெடுவது இங்கேதான். இதற்கு வழி முளைகட்டின கேழ்வரகு. ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் வெயிலில் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியதும் ஒரு தேக்கரண்டி தூவிக் கிளறினால், முளையிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். பத்து நிமிடம் விட்டு, கிருமி சாக மறுபடி ஒரு கொதி. வாசனைக்காக முளைதானியத்தைச் சிவக்க வறுத்தால் நொதி போய்விடும். தளதளவென்று கொதிக்கும்போதே போட்டாலும் அதே கதிதான்.

அங்கன்வாடி சத்துமாவு பிள்ளைக்கு உரியது. வீடே பங்கு போட்டால் ஒரு வாரம்கூட வராது. டீயில் நனைத்த ரஸ்க் வேண்டாம், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பீடித்தட்டை இறக்கி வைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஊட்டுங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை புயச் சுற்றளவு நல்ல அளவுகோல். இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடாவை இறுக்கினால் சதை அமுங்கி அளவு குறையும். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அங்கன்வாடியில் சொல்லுங்கள். 11.5-க்குக் கீழே போனால் தீவிரக் குறைபாடு, டாக்டர் பார்க்க வேண்டும்.

நாடா ஏமாற்றுவதும் உண்டு. இரண்டு புறங்காலிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். குழி நின்றால் அது கொழுகொழுப்பு அல்ல, நீர். அந்தப் பிள்ளையும், சாப்பாட்டையே ஒதுக்குகிற மெலிந்த பிள்ளையும் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ‘தெம்பு வரட்டும்’ என்று வீட்டில் வைத்துத் திணிக்கவும் வேண்டாம். அவ்வளவு நலிந்த உடம்பு, திடீரென்று வரும் சாப்பாட்டைத் தாங்காது.