பூனை என்றதும் என்ன தோன்றுகிறது?

“மொழி ஆராய்ச்சிக்கு விளையாட்டு மூலம் தரவு சேர்க்கிறார்களாமே, எவனாவது வேண்டுமென்றே உளறி வைத்தால் என்ன செய்வார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் ஒரு காலத்தில் இருந்த சந்தேகம்தான்.

பூனை என்றால் ஒரு பாலூட்டி என்று அகராதி சொல்லிவிடும். பூனை என்றதும் நமக்குப் பாலும் எலியும் மதில்சுவரும் நினைவுக்கு வருவதை எந்த அகராதியும் சொல்லாது. கணினிக்கு அதுவும் வேண்டும். நிபுணர்களை உட்காரவைத்து எழுதச் சொன்னால் காலமும் போகும், காசும் போகும். அதனால் பிரான்சின் மோன்பெலியே நகரில் மாத்தியூ லஃபூர்காட் என்ற ஆய்வாளர் 2007-இல் இணையத்தில் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். பெயர் ‘ஜோ தெ மோ’. பிரெஞ்சில் அதற்குச் சிலேடை என்றும் பொருள் வரும்.

திரையில் ஒரு பிரெஞ்சுச் சொல் வரும். அதைக் கேட்டதும் தோன்றுவதையெல்லாம் சுமார் ஒரு நிமிடத்துக்குள் தட்ட வேண்டும். அப்புறம், அதே சொல்லுக்கு முன்பு வேறொருவர் தந்த பட்டியலோடு உங்களுடையதை ஒப்பிடுவார்கள். இரண்டிலும் உள்ள சொற்களுக்கு மட்டுமே புள்ளி. தரவில் ஏறுவதும் அவை மட்டுமே.

‘பூனை’க்கு நீங்கள் பால், எலி, மீசை, பாட்டி வீடு என்று எழுதுகிறீர்கள். அவர் எழுதியது நாய், எலி, நகம், பால். பாலும் எலியும் உள்ளே போகும். பாட்டி வீடு உங்கள் மனசோடு நின்றுவிடும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, கூடிப் பேசி ஏமாற்ற வழியில்லை. உளறலாம், ஆனால் அவரும் அதே உளறலை உளறியிருக்க வேண்டுமே! இருவருக்கும் பொதுவாக இருப்பது மொழி ஒன்றுதான். ஜெயிக்க நினைப்பவன் தானாகவே உண்மையைச் சொல்கிறான். காவலுக்கு ஆள் போடாமலே காரியம் நடக்கிறது.

இதோடு விட்டால் எல்லோரும் ‘எலி’ என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூனை–எலி போல ஒரே இணைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதன் எடை, அதாவது வலு, கூடும். எடை கூடிய இணைப்புக்குப் புள்ளி குறையும். ஆகவே கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும், எதிராளிக்கு எட்டாத ஆழத்துக்கும் போய்விடக் கூடாது. அந்த இழுபறியை யோசித்தவருக்கு ஒரு சபாஷ். இதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் லூயிஸ் ஃபான் ஆன் என்ற கணினி ஆய்வாளர், படங்களுக்குப் பெயர் சூட்டும் விளையாட்டில் இதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்திருந்தார். ஒத்துப்போன சொல் அந்தப் படத்துக்கு அப்புறம் தடைச்சொல்.

குறையும் உண்டு. நாலு பேருக்கு மட்டும் தெரிந்த தொழிற்சொல், அந்த நாலு பேரில் இருவர் சந்திக்கும்வரை உள்ளே வராது. இருந்தாலும் பெரிய கருவி வாங்கத்தான் ஆராய்ச்சி நிதி என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை விளையாடிப் பார்க்கலாம்.

இதே தரவை வைத்து ‘ஆகி’ என்றொரு துணை விளையாட்டும் உண்டு. நீங்கள் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு குறிப்புகள் தர வேண்டும், கணினி கண்டுபிடிக்கும். முடியாவிட்டால் விடையை உங்களிடமே கேட்டுக்கொள்ளும். நீங்கள் தந்த குறிப்புகள் அந்தச் சொல்லுக்குப் புது இணைப்புகளாகிவிடும்.