கட்சிக்காரரை நம்பிய கட்சிக்காரர்

சென்ற வாரம் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வாழப்பாடிப் பக்கத்துக்காரர். பைக்குள் தென்னந்தோப்பின் பத்திரம், தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா, ஒரு மாநாட்டுத் துண்டறிக்கை. சாலை விரிவாக்கத்தில் தோப்பின் முன்பகுதி போய்விட்டது. நோட்டீஸ் எங்கே என்று கேட்டேன்.

"வந்தது வக்கீலம்மா. நான் வாங்கவே இல்லை. தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார். குரலில் பெருமிதம் வேறு.

இதே பெருமிதத்தோடு இந்த ஆண்டு என்னிடம் வந்த ஆறாவது ஆள் இவர். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் வழக்குக்காக வருபவரைக் கட்சிக்காரர் என்போம். இவருக்கு யோசனை சொன்னவரும் ஒரு கட்சிக்காரர்தான், கரைவேட்டிக் கட்சிக்காரர். "கையெழுத்துப் போடாதே, காசு வாங்காதே, தேர்தல் முடியட்டும், சாலைக்கு எடுத்த அளவே மாறிவிடும்" என்றாராம். தேர்தல் முடிந்தது. அளவு மாறவில்லை. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். இருபது வருடத் தொழிலில் எல்லா நிறக் கரையையும் பார்த்தாகிவிட்டது. ஆட்சியில் இருந்தால் நிலமெடுக்க அளவுக்கல் நடுவார்கள், இல்லாவிட்டால் கல்லைப் பிடுங்குவோம் என்பார்கள்.

நான் சாலைக்கு எதிரி இல்லை. உளுந்தூர்பேட்டை சாலையில் நான்கு வழியாக வந்த வண்டி புறவழிச்சாலைகளில் திடீரென்று இருவழிக்குள் நுழைய, நேருக்கு நேர் மோதிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீட்டு வழக்கு நடத்தியவள் நான். சாலை அகலமாகட்டும். அதற்கு நிலம் கொடுப்பவர் தன் காலம் ஓடுவது தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை.

வாங்காத நோட்டீஸ் வராத நோட்டீஸ் ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஊருக்குள் ஏறவில்லை, அதனால் விரித்தே சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் 3ஏ பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வரும். அதன் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் வெளியிடுவார்கள், ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். இந்தக் கட்டத்தில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்ற கட்டாயமே சட்டத்தில் இல்லை. நீங்கள் போண்டா சுருட்டி வாங்கி வந்த தாளிலேயே உங்கள் புல எண் அச்சாகியிருக்கலாம். ஆட்சேபணை சொல்ல அன்றிலிருந்து 21 நாள். பிறகு 3டி அறிவிப்பு. அது அரசிதழில் வந்த நாளில் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுடையது ஆகிவிடும். அன்று உங்கள் கையில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது, வந்திருக்க வேண்டியதும் இல்லை. விலை நிர்ணயம் அதற்குப் பிறகுதான். ஒப்புதல் அட்டைத் தபாலை மறுத்தால் உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதுவார். அந்த இரண்டு சொல் நீதிமன்றத்தில் நோட்டீஸை உங்கள் கையிலேயே கொடுத்ததற்குச் சமம்.

"பணத்தைத் தொடாவிட்டால் நிலம் என்னுடையதுதானே?" இல்லை ஐயா. தொகையை அதிகாரியிடம் செலுத்திவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். பணம் அங்கேயே கிடக்கும், தார் இங்கே விழும். பணத்தைப் பெறுவது வேறு, விலையை ஒப்புக்கொள்வது வேறு. 'தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். பிறகு நடுவரிடம் போங்கள், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். அவர் தீர்ப்பும் பிடிக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் முப்பது நாள். முப்பத்தோராம் நாள் வந்து என் மேஜை முன்னால் அழாதீர்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. 2018இல் சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்டபோது குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கம் பார்த்தோமே. கல் விழுந்ததும் நிலம் போய்விட்டது என்று நினைத்துத் தரகரிடம் அடிமாட்டு விலைக்குப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிப்பு செல்லும் என்றது, ஆனால் அந்த அறிவிப்பை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது செல்லாது என்றும் சொன்னது. 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி, நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்து. ஆகவே கல்லைப் பார்க்காதீர்கள், அரசிதழின் தேதியைப் பாருங்கள்.

ஆட்சேபணை மனுவில் 'விலை போதாது' என்று எழுதுகிறார்கள். அங்கே விலைக்கு வேலை இல்லை. கிணறு கோட்டுக்குள் வருகிறது, எதிர்ப்பக்கம் புறம்போக்கு இருக்கிறது, புலப்படத்தின் அளவும் தரையின் அளவும் ஒத்துப்போகவில்லை, இவற்றை எழுதுங்கள். யாரோ பெரிய மனிதரின் கல்யாண மண்டபத்துக்காகச் சாலை வளைந்தது என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. பாதி வளைவுகள் பொறியாளரின் கணக்கில் வந்தவை. மீதிக்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகம் இருந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் கொடுங்கள், நேரில் விசாரிக்கும்படி கேளுங்கள். டீக்கடையில் சொன்ன ஆட்சேபணைக்கு ரசீது கிடையாது.

மாநிலச் சாலைக்கு வேறு சட்டம், 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். நோட்டீஸின் தலைப்பைப் படித்தாலே எது என்று தெரிந்துவிடும். பேச்சுவார்த்தையில் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் கதை முடிந்தது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தயவுசெய்து படித்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் என் மீதே கோபப்படுவார்கள். அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி அல்லது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, எது அதிகமோ அதை வைத்துத்தான் சந்தை மதிப்பு. அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. முத்திரைத்தாள் செலவை மிச்சம்பிடிக்க ஊரே விலையைக் குறைத்துப் பத்திரம் பதிந்திருந்தால் சராசரி எங்கிருந்து உயரும்?

பட்டாவை இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாரிசுச் சான்றை எடுத்து வையுங்கள். தென்னை, மா, கிணறு எல்லாம் அடங்கலில், அதாவது கிராமக் கணக்கில், ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மரம் எண்ண வரும் அன்று தோப்பில் இருங்கள், கேட்டைப் பூட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போகாதீர்கள்.

நம் பெரியவர் போனார். கணக்கில் 11 தென்னை என்று ஏறிவிட்டது. 34 என்கிறார் இவர். மரங்கள் இப்போது இல்லை, வேர்க்குழிகூட இல்லை, ஜல்லி கொட்டியாகிவிட்டது. நேற்று மகள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டு வந்தார். தோப்பிலேயே பந்தல் போட்ட கல்யாணம். என் இளம் வழக்கறிஞர் பூதக்கண்ணாடி வைத்து மாப்பிள்ளை வீட்டாரின் தலைகளுக்கு மேல் தெரியும் மரங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை 17. மீதி சமையல் பந்தலுக்குப் பின்னால் நிற்கின்றன, அந்தப் பக்கம் யாராவது படம் எடுத்தார்களா என்று சம்பந்தி வீட்டில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.