முட்டைக்கோஸ் புழுவிடம் கடன் வாங்கிய நொதி

கோத்தகிரிப் பக்கம் முட்டைக்கோஸ் போடுகிற என் சித்தப்பாவுக்குப் புழு என்றாலே ஆகாது. அமெரிக்காவில் முட்டைக்கோஸைத் தின்னும் ஒரு காவடிப்புழுவின் டிஎன்ஏ துண்டுதான் இன்று மனிதச் செல்லுக்குள் பெரிய மரபணுக்களைப் பொருத்த உதவுகிறது என்றேன். "நம்ம தோட்டத்தைத் தின்னது போதாதுன்னு அங்கயும் போயிருச்சா?" என்றார்.

சிக்கல் அளவில்தான். மரபணுவை ஏற்றிச்செல்லும் வழக்கமான வண்டி, நோய் தராதபடி மாற்றிய வைரஸ். அவற்றில் பெயர்பெற்ற ஏஏவி என்ற வைரஸ் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான் தாங்கும். தசைச்சிதைவு நோயில் பழுதாகும் டிஸ்ட்ரோஃபின் மரபணுவிலோ புரதத்துக்கான குறிப்பு மட்டுமே சுமார் 11,000 எழுத்துகள். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கன்டெய்னர் லாரியை இறக்கச் சொல்வது போல.

சரி, டிஎன்ஏவைக் குறிபார்த்து வெட்டும் கருவியான கிரிஸ்பரால் முடியாதா? வெட்டுவதில் அது கெட்டிக்காரன். ஒட்டுவது செல்லின் பொறுப்பு. செல்லோ வெட்டுப்பட்ட முனைகளை அவசர அவசரமாக இணைத்துவிடும். நாம் கொடுத்த துண்டைப் பார்த்து நிரப்பும் நிதானம் பெரும்பாலும் பிரியும் செல்களுக்கே உண்டு. துண்டு நீளமாக ஆக அதுவும் குறைகிறது.

இங்கேதான் புழு வருகிறது. அதன் செல்களில் கிடைத்த 'பிக்கிபேக்' ஒரு குதிக்கும் மரபணு. இரு முனைகளிலும் அடையாள எழுத்துகள். அவற்றைப் பிடித்து ஒரு நொதி முழுத் துண்டையும் வெட்டி எடுத்து, டிடிஏஏ என்ற நான்கெழுத்து வரும் வேறோர் இடத்தில் செருகும். முனைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நமக்கு அது போதும். 2005இல் எலி, மனிதச் செல்களில் இது வேலை செய்தது. பிறகு எலிக் கருத்தண்டுச் செல்களில் 1,00,000 எழுத்துகளுக்கு மேலும் நகர்த்திவிட்டார்கள்.

ஆனால் டிடிஏஏ எங்கும் இருக்கும். நல்ல மரபணுவின் நடுவில் போய் விழுந்தால் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

அதனால் இடம் பார்த்துப் பொருத்த, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸிடமிருந்து இன்னொரு நொதி: பிஎக்ஸ்பி1. முதலில் ஆபத்தில்லாத இடத்தில் அதற்கான சிறிய அடையாளத்தை எழுதிவைப்பார்கள். அப்புறம் ஜோடி அடையாளத்தோடு பெரிய சுமை வரும். நொதி இரண்டையும் பிணைக்கும். பிணைந்ததும் அடையாளங்களே மாறிப்போவதால் தானாகத் திரும்பப் பிரிக்காது.

"நாத்து வைக்கிறதுக்கு முன்னாடி குழி போடறோம்ல, அதுதானே?" என்றார் சித்தப்பா. அதுவேதான். ஆனால் நாற்றைக் குழி வரை கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு: செல்லில் மின்துடிப்பு பாய்ச்சித் துளையிட்டு உள்ளே தள்ளும்போது கணிசமான செல்கள் செத்துப்போகின்றன.