பழைய கம்ப்யூட்டரா? பிளக்கைச் சொருகாதீர்கள்

போன ஐப்பசியில், நல்ல அடைமழை நாளில், ஆம்னி பஸ் பார்சலில் எனக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அனுப்பியவர் தென்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கயிற்றை அறுப்பதற்குள் போன் அடித்துவிட்டார்.

“தம்பி, பெட்டி வந்துருச்சா?”

“வந்துருச்சு சார், இப்பதான் பிரிக்கிறேன்.”

“ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துட்டே அனுப்பலாம்னு நினைச்சேன். ஸ்டோர் ரூம்ல பிளக் பாயிண்ட் எரிஞ்சு கிடந்துது. சரின்னு அப்படியே கட்டி அனுப்பிட்டேன்.”

எரிந்துபோன அந்தப் பிளக் பாயிண்டுக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம். பவர் சப்ளை பழுது பார்ப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. டிவி, யுபிஎஸ், லேப் கருவிகள் என்று எது வந்தாலும் மேஜைக்கு வரும் முன் யாராவது ஒருவர் ‘ஆன் ஆகுதா’ என்று பார்த்திருப்பார். பல வருஷம் சும்மா கிடந்த மெஷினில் பாதிச் சாவு அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடக்கிறது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பிபிசி மைக்ரோ, மாடல் பி. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 கடைசியில் கொண்டுவந்த வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டும் போர்டும் பவர் சப்ளையும் ஒரே க்ரீம் நிறப் பெட்டிக்குள் இருக்கும். மேல்வரிசையில் பத்து சிவப்பு கீகள், அதற்கு மேலே புள்ளிகளால் ஆன ஆந்தைச் சின்னம். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசஸர், 32 கேபி நினைவகம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அந்த நினைவகத்துக்குள் அடங்காது. ஆனால் அதற்காக சோஃபி வில்சன் எழுதிய பேசிக் மொழி அந்தக் காலத்தில் கிடைத்தவற்றில் படு வேகமானது. அதே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் பின்னால், இன்றைய போன்களில் ஓடும் ஏஆர்எம் பிராசஸரின் முதல் வடிவத்தை வடிவமைத்தார்கள். உங்கள் கையில் இருக்கும் போனுக்கு இது பாட்டி முறை.

இங்கிலாந்தில் இது அபூர்வம் இல்லை. 15 லட்சத்துக்கு மேல் விற்ற மெஷின். நம் ஊருக்கு வந்த கதை வேறு. 1984-85இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில்தான் பிபிசி மைக்ரோ இங்கே இறங்கியது. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதையே செய்தது. நீலநிற ஃபங்ஷன் கீகளோடு ‘டால்ஃபின்’ என்று இன்னொன்றும் வந்தது. பிறகு பிசி வந்தது, இவையெல்லாம் ‘கண்டெம்’ லிஸ்டில் ஏறின, கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. உங்கள் ஊர்ப் பள்ளி ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் ஒன்று கிடந்தால், அது மிச்சமிருக்கும் சிலவற்றில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வந்த மெஷினுக்கு வருவோம். அதை நான் மூன்று நாள் தொடவே இல்லை. மழையில் வந்த பெட்டி, அட்டையே நமுத்திருந்தது. ஃபேனுக்குக் கீழே அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

நான்காம் நாள் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்தேன். இதைச் சும்மா பந்தாவுக்குச் சொல்லவில்லை. எலி புழங்கிய இடத்தில் அதன் மூத்திரமும் புழுக்கையும் இருக்கும். எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காய்ந்த தூசியை வாயால் ஊதுவதும் பிளோயர் வைத்து அடிப்பதும் வேண்டாம். லேசாக ஈரப்படுத்தித் துடைத்தெடுங்கள். பிபிசி மைக்ரோவைத் திறப்பது சுலபம்: ‘ஃபிக்ஸ்’ என்று பக்கத்திலேயே அச்சடித்த நாலு ஸ்க்ரூதான், பின்னால் இரண்டு, அடியில் இரண்டு. உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடு, ஒரு குளவிக்கூடு, கீபோர்டு ஓரத்தில் பச்சை பூத்த கொஞ்சம் செம்பு. இதைவிட மோசமாக எதிர்பார்த்திருந்தேன்.

எனக்கு வேண்டியது இடதுபக்கம் இருந்த பவர் சப்ளை. அடியில் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். அதன் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கரண்ட் உள்ளே நுழைகிற இடத்திலேயே, மங்கிய தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கட்டியாக இரண்டு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம். அவற்றின் மேல் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் மயிரிழை விரிசல்.

இந்தக் கெப்பாசிட்டரைத்தான் எல்லோரும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இவை லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்கார்ந்து இரைச்சலை வடிகட்டுகிறவை. உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வருஷம் ஏற ஏற மேல்ஓடு விரிசல் விடும்; விரிசல் வழியாக ஈரக்காற்று போகும்; காகிதம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் கடலோர ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீட்டரில் வைத்துப் பார்த்தால்கூட நல்லதாகவே காட்டும். 230 வோல்ட் ஏறியதும் உள்ளே மெல்லச் சூடேறும். சில நேரம் ஒரு நிமிஷம், சில நேரம் ஒரு மணி நேரம். அப்புறம் ‘டப்’ என்று வெடித்து வெள்ளைப் புகை.

எனக்கே நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், அதே வயதுடைய ஒரு லேப் கருவியை ஆன் செய்து, நன்றாக ஓடுகிறது என்று வாடிக்கையாளரிடம் போனில் சொல்லிவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்துக் கடைக்காரர் மணல் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நாற்றம் கடையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது.

சென்னை ரிச்சி தெருவில் இவற்றுக்குப் பதில் கெப்பாசிட்டர் ஒரு டீ காசுக்குக் கிடைக்கும். கேட்கும்போது ‘எக்ஸ்2’ என்று சொல்லிக் கேளுங்கள். 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் என்று அதன்மேலேயே எழுதியிருக்க வேண்டும். சாதாரண கெப்பாசிட்டரைப் போட்டு ஒப்பேற்றுவது பழையதை அப்படியே விடுவதைவிட மோசம்.

ஆனால் பவர் சப்ளை மூடியைத் திறக்கிற வேலை எல்லோருக்கும் உரியது இல்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ‘பட்’ என்று ஷார்ட் செய்து இறக்கும் வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கண்ணில் பொறி தெறித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் நான் கை வைப்பேன். பழக்கம் இல்லையென்றால், பழைய குண்டு டிவி பார்த்த மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார், அவரிடம் கொடுங்கள். கூடவே பழைய மானிட்டரும் வந்திருந்தால் அதை நீங்கள் திறக்கவே கூடாது. பிக்சர் டியூபில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

இன்னொன்று. வந்த மெஷினின் பிளக்கில் எர்த் பின் இல்லை. பிளக் பாயிண்டில் நுழையவில்லை என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இது சகஜம். எனக்கோ பார்த்ததும் ரத்தம் கொதிக்கும். இந்தப் பவர் சப்ளையின் உடம்பு உலோகம், அது எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டியது. எர்த் இல்லாமல் போட்டால் தொட்டவர் கையில் ‘சுர்ர்’ என்று இழுக்கும். உள்ளே ஏதாவது ஒயர் உரசியிருந்தால் சுர்ரோடு நிற்காது.

கெப்பாசிட்டர்களை மாற்றி, புது மூன்று பின் பிளக் போட்டு, சீரிஸ் போர்டில் கொடுத்தேன். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக மாட்டிய பலகை, அவ்வளவுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். எனக்கு ஒரு முறை மின்னி அடங்கியது. போர்டோடு இணைக்காமல், 3.3 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை மட்டும் சுமையாக வைத்து நேர் லைனில் அரை மணி நேரம் ஓடவிட்டேன். 5.06 வோல்ட், ஆடாமல் அசையாமல். அதற்குப் பிறகுதான் போர்டில் மாட்டினேன், அதுவும் கழற்றும்போது போனில் எடுத்த படத்தைப் பார்த்து. சிவப்பு மூன்று, கறுப்பு மூன்று, ஊதா ஒன்று. ஊதா மைனஸ் 5 வோல்ட். இடம் மாறினால் செய்த வேலையெல்லாம் வீண்.

பிபிசி மைக்ரோ சரியாக எழுந்தால் தாழ்ந்த குரலில் ‘பூ’ என்று தொடங்கி உடனே ‘பீப்’ என்று முடிக்கும். இது ‘பூ...’ என்று பிடித்த பிடியை விடவே இல்லை. பிராசஸர் வேலையைத் தொடங்கவில்லை என்று அர்த்தம். ஆஃப் செய்துவிட்டு, சாக்கெட்டில் இருந்த ஐசிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தேன். கால்கள் கறுத்திருந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மறுபடி அழுத்தி வைத்தேன். ஒரு ஐசியின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. அது ஈப்ராம், புரோகிராமை எழுதிவைத்திருக்கும் ஐசி. ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழியும். நான் முதலில் அதைப் படித்து ஒரு பிரதி எடுத்துவைத்தேன்.

ராத்திரி பத்தரை மணிக்கு ‘பூ-பீப்’ வந்தது. வீடியோ சாக்கெட்டிலிருந்து பழைய எல்சிடி டிவிக்கு இழுத்திருந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’, கீழே ‘பேசிக்’. வாத்தியாருக்கு வீடியோ கால் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

மஞ்சளித்த மேல்மூடியை வெள்ளையாக்கச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைக்கிறார்கள். கை வெந்துபோகும், பிளாஸ்டிக் திட்டுத்திட்டாகும். மஞ்சளாகவே இருக்கட்டும் என்று சாரிடம் சொல்லிவிட்டேன்.

வேறு மெஷின்கள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கமடோர் 64 என்றால் அதன் பழைய அடாப்டரை நம்பவே வேண்டாம். உள்ளே ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் எகிறி ஐசிகளைத் தின்றுவிடும். போர்டில் பேட்டரி பற்றவைத்த மெஷின்கள், அமிகா 2000 மாதிரி, என்றால் இன்றைக்கே திறந்து பாருங்கள். அந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து தடங்களை அரித்துக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவுங்கள்.

மெஷினோடு பதினோரு ஃப்ளாப்பியும் வந்திருந்தது, ஐந்தேகால் இன்ச். அவற்றையும் உடனே டிரைவில் போடக் கூடாது. நீள்வட்ட ஜன்னல் வழியே டார்ச் அடித்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். நாலில் வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே போட்டிருந்தால் டிரைவின் ஹெட் பூஞ்சணத்தை வழித்து, அடுத்த ஃப்ளாப்பிக்கும் பூசியிருக்கும். மீதி ஏழையும், பழைய ஃப்ளாப்பி டிரைவை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்கும் கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு வழியாக முழுசாகப் படித்துச் சேமித்தேன். மார்க் லிஸ்ட் போடும் புரோகிராம், பகா எண் தேடுவது ஒன்று, டைம்டேபிள். ஒன்றில் மட்டும் ‘கோலம்’ என்று ஒரு ஃபைல். ஓடவிட்டால் திரையில் ஏழு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் இழுத்துக் காட்டியது, கடைசி வளைவில் கொஞ்சம் பிசகியது. எழுதிய பிள்ளை யார் என்று சாருக்கு நினைவில்லை.

பூஞ்சணம் பிடித்த நாலும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் காய்கின்றன. அவற்றில் ஒன்றின் லேபிளில், அதே கையெழுத்தில், ‘கோலம் 2’ என்று இருக்கிறது.