நடையும் கணக்கும்: புற்றுநோய்க்குப் பிறகு மூளை எப்படித் தேறுகிறது?

சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கொட்டிய முடியும் வளர்ந்துவிட்டது. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒரு அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். நன்றாகத் தெரிந்த பெயர் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவுமே மண்டையில் ஏறுவதில்லை. "வயசாச்சு இல்லையா" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

நோயாளிகள் இதற்கு வைத்த பெயர் 'கீமோ பிரெயின்'. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோதெரபி மருந்துச் சிகிச்சையைத்தான் சுருக்கமாகக் கீமோ என்கிறார்கள். மருத்துவ உலகமோ ரொம்ப நாள் இதை வெறும் கவலை, களைப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தது. 2006இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேனியல் சில்வர்மேன் குழு, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து ஐந்து முதல் பத்து வருடம் ஆகியிருந்த பெண்களின் மூளையை, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தது. அதே நினைவாற்றல் சோதனைக்கு, கீமோ எடுக்காதவர்களைவிட இவர்களுடைய மூளையின் முன்பகுதி அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. விடை வந்துவிடுகிறது, அதற்கு ஆகும் செலவுதான் கூடிவிட்டது. சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கூட மாலைக்குள் சோர்ந்து போவதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

கீமோ பிரெயின் என்ற பெயரே பாதிதான் சரி. கீமோ தொடங்கும் முன்பே சிலரிடம் இந்த மந்தம் தெரிகிறது. ஹார்மோன் சிகிச்சையிலும் வருகிறது. இன்னொரு புதிர், டாக்ஸோருபிசின் போன்ற கீமோ மருந்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே காவலாக இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதே அபூர்வம். பிறகு எப்படிக் கெடுக்கிறது? மருந்து உடலில் வேறெங்கோ செல்களைச் சிதைக்க, அங்கிருந்து சைட்டோகைன் என்ற அழற்சிப் புரதங்கள் (அழற்சி என்றால் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை) ரத்தத்தில் கிளம்புகின்றன. மூளைக்குள் நுழைவது அவைதான். அங்கே மைக்ரோகிளியா என்று துப்புரவுச் செல்கள் இருக்கின்றன. அவை எரிச்சலடைந்தால் குப்பை அள்ளுவதோடு நிற்பதில்லை, அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. மூளைக்குள் நுழையக்கூடிய மீத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை வைத்து ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோஞ்சே குழு 2018இல் எலிகளில் இதைக் காட்டியது: கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியாவால், நரம்பிழைகளுக்கு மயலின் என்ற காப்பு உறை போடும் செல்கள் வளர்வது தடைப்பட்டது. மைக்ரோகிளியாவைக் குறைத்தவுடன் உறையும் தேறியது, எலிகளின் நினைவும் தேறியது.

முதியவர்களுக்கு இதில் கூடுதல் சுமை. வயது ஏறும்போது உடலில் மெல்லிய அழற்சி எப்போதும் கனன்றுகொண்டே இருக்கிறது, மூளையின் கையிருப்பும் குறைந்திருக்கிறது. ஆக "வயசாச்சு" என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லிக் கையை விரித்துவிடுவதுதான் தப்பு.

சரி, உடற்பயிற்சிக்கு இங்கே என்ன வேலை? தசை வெறும் இழுவை இயந்திரம் இல்லை, ஒரு சுரப்பி போலவும் வேலை செய்கிறது. சுருங்கும் தசை இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனை வெளியிடுகிறது. நாள்பட்ட அழற்சியில் வில்லனாக நிற்பதும் இதே ஆள்தான்! ஆனால் நடந்து முடிக்கும் நேரத்துக்குள் ஏறி இறங்கும்போது, அழற்சியை அடக்கும் பொருட்களை அதுவே தூண்டிவிடுகிறது. கூடவே, நியூரான்களுக்கு உரம் போன்ற பி.டி.என்.எஃப். புரதமும் கூடுகிறது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரில் பாதிப் பேர் ஒரு வருடம், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் பெருத்தது. கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு அது சுமார் 1.4 சதவீதம் சுருங்கியது.

இது புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு இல்லை என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு 2019இல் சொன்னதும் நிதானமாகத்தான் இருந்தது: வாரம் மூன்று முறை, முப்பது நிமிட மிதமான பயிற்சி களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு, சிந்தனைத்திறனைப் பற்றி அப்படிச் சொல்லப் போதுமான சான்று அன்று இல்லை. களைப்பும் மனச்சோர்வும் இறங்கினாலே தலையில் பாதி மூட்டம் விலகும் என்பது என் கணிப்பு.

நடையோடு மூளைப் பயிற்சியை ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு எலிகள்தான் அழகான பதில் வைத்திருக்கின்றன. ஓட்டச் சக்கரம் கிடைத்த எலியின் ஹிப்போகேம்பஸில் புதுச் செல்கள் அதிகம் பிறக்கின்றன. ஆனால் பிறந்தவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துப்போகும். சுரங்கப் பாதையும் விளையாட்டுப் பொருட்களுமாகக் கூண்டு சுவாரசியமாக இருந்தால் அதிகம் பிழைக்கின்றன. முதலில் ஓட்டம், அப்புறம் சுவாரசியமான கூண்டு என்று வரிசையாகக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கிடைத்ததைவிடக் கூடுதலான புதுச் செல்கள் நிலைத்தன. ஜெர்மனியின் கெர்ட் கெம்பர்மேன் குழு இதை 2009இல் காட்டியது. நாற்று விடுவது ஒன்று, வேர் பிடிக்க வைப்பது இன்னொன்று. வயதான மனிதரின் மூளையில் புதுச் செல்கள் எவ்வளவு பிறக்கின்றன என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் மனித மூளையிலும் பயன்படும் இணைப்பு வலுக்கிறது, பயன்படாதது தளர்கிறது.

மூளைப் பயிற்சி என்றதும் பலர் செல்போன் புதிர் விளையாட்டை நினைக்கிறார்கள். அதை விளையாடினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறுவோம். மறுவாழ்வு நிபுணர்கள் சொல்லித்தருவதில் பாதி ரொம்பச் சாதாரணமானது: ஒரு நேரத்தில் ஒரே வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு, சாவிக்கு நிரந்தர இடம், செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது, தெளிவான நேரத்தில் கடினமான வேலை. கேட்கச் சப்பென்று இருக்கும். மூளையின் அந்தக் கூடுதல் செலவை இவைதான் மிச்சப்படுத்துகின்றன.

இவற்றைத் தொடங்குமுன் ரத்தசோகை, தைராய்டு, பி12, தூக்கம், காது, வலி மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கும், சில ஹார்மோன் மாத்திரைகள் எலும்பை மெலிய வைக்கும். அதனால் பயிற்சியின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது. மிதமான வேகம் எது என்று தெரிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டு போவது உடலையும் மூளையையும் ஒன்றாக வேலை வாங்கும் பயிற்சி. பாக்ளிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்தால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இதை நடையில் முயல வேண்டாம். கணக்கில் கவனம் போனால் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. நிலையான சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தபடி அதே கணக்கைப் போடலாம்.