ஒளியைக் கைமாற்றும் பாலிமர்

"இலையைப் போல் வெயிலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் செய்ய முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிடிப்பதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். பிடித்தபின் நடப்பதில்தான் சிக்கல்.

பச்சையம் ஒளியை உறிஞ்சும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் கடும் வெயிலில்கூட ஒரு பச்சைய மூலக்கூறுக்கு நொடிக்குப் பத்து ஃபோட்டான் (ஒளித்துகள்) கிடைத்தாலே அதிகம். அதனால் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் ஆன்டெனாவாக நின்று, பிடித்ததை, ஒளியாற்றலை வேதி வேலைக்கு மாற்றும் ஒரே வினைமையத்துக்கு அனுப்புகின்றன.

அனுப்பும் விதம்தான் அழகு. கிளர்ச்சியுற்ற மூலக்கூறு தன் ஆற்றலை ஒளியாக உமிழ்வதற்குள், அதே அலைநீளத்துக்கு இசைவான பக்கத்து மூலக்கூறு அதை மின்புல அதிர்வு வழியே வாங்கிக்கொள்கிறது. இடையில் எந்த ஃபோட்டானும் பயணிப்பதில்லை! ஜெர்மானியரான தியோடோர் ஃபோர்ஸ்டர் 1948-இல் இதற்குக் கணக்கு எழுதினார்: தொலைவு இரு மடங்கானால் வேகம் 64-இல் ஒரு பங்காகச் சரியும். ஆகவே எல்லாம் இடைவெளியில் இருக்கிறது. ஊதா பாக்டீரியா ஒன்றின் ஆன்டெனாப் புரதத்தை 1995-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் படம்பிடித்தபோது இரண்டு நிறமி வளையங்கள் தெரிந்தன. ஒன்றில் 800 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்கும் 9 நிறமிகள், மற்றதில் 850-ஐப் பிடிக்கும் 18. முதல் வளையத்திலிருந்து இரண்டாவதற்கு ஆற்றல் தாவ ஆகும் நேரம், நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான். 850-இன் ஆற்றல் குறைவு. மேட்டு வயல் நீர் பள்ளத்து வயலுக்கு இறங்குவதுபோல ஓட்டம் பெரும்பாலும் ஒரே திசையில்.

நிறமிகளைச் சரியான இடைவெளியில் பிடித்துவைப்பது புரதத்தின் வேலை. பிளாஸ்டிக் போன்ற பாலிமரில் அதை நீண்ட மூலக்கூறுச் சங்கிலியே செய்கிறது. டொராண்டோவில் ஜேம்ஸ் கில்லெட் குழுவினர் நாப்தலீனை (ஆம், அந்துருண்டைச் சரக்குதான்) சங்கிலி நெடுகத் தொங்கவிட்டு, அது பிடித்த ஆற்றலை ஆந்த்ரசீன் என்ற இன்னொரு மூலக்கூறிடம் சேர்த்தார்கள். எம்.ஐ.டி.யின் டிமோதி ஸ்வேகர் இதையே தலைகீழாக்கினார். ஒளிரும் சங்கிலியில் ஆற்றல் அலைந்துகொண்டே இருப்பதால், எங்கோ ஓரிடத்தில் ஒரு டி.என்.டி. வெடிமருந்து மூலக்கூறு ஒட்டினாலும் ஆற்றல் அங்கே போய் விழுந்து ஒளிர்வு மங்கும். வெடிகுண்டு என்றதும் ராணுவப் பணம் வந்தது. இலை எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்பவருக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

பிடித்தபின் உள்ள சிக்கல், தேய்மானம். வெயில் இலையையும் சிதைக்கிறது. ஆனால் ஒளிச்சேர்க்கையில் பங்குபெற்றுச் சேதமாகும் டி1 என்ற புரதத்தை இலை ஓயாமல் புதிதாகச் செய்து மாற்றிக்கொள்கிறது. பாலிமர் சங்கிலி அறுந்தால் அறுந்ததுதான். இப்போதைக்குக் கூரையில் சிலிக்கான் பலகையையே போடுங்கள்.