மன்றத்து மேடையில் சினிமாப் பாட்டு: யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூருவின் தமிழ்ப் பேட்டைகளில் பொங்கல் விழாக் கூட்டங்கள் தொடங்கிவிடும். ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஓர் இளைஞர் மன்றம் கண்ணில் படும். சிறிய ஹால், இரண்டு கேரம் போர்டு, மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, ஆண்டுக்கு இரண்டு மேடை: பொங்கலுக்கு ஒன்று, கர்நாடக மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு ஒன்று. அப்படியொரு மன்றத்தின் கணக்கு நோட்டு என் கையில் இருக்கிறது. சென்ற முறை விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது தொலைபேசியில் ஒருவர் அழைத்தார். "உங்கள் நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டு உண்டா? உரிமம் வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எங்கள் தலைவர் பதறிப்போய், பிள்ளைகளின் நடனத்தையே நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். சட்டத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பதிப்புரிமைச் சட்டம், 1957 என்பது அதன் பெயர். நாளிதழ்களில் காப்புரிமை என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒரு சினிமாப் பாட்டில் மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மேடையில் நாமே பாடினால் முதல் இரண்டைத் தொடுகிறோம். பென்டிரைவில் இருந்து ஒலிக்கவிட்டால் மூன்றையும் தொடுகிறோம். பொது இடத்தில் இதைச் செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அதே சட்டத்தின் 52-வது பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று நீண்ட பட்டியல் ஒன்றைத் தருகிறது. மன்றங்களுக்கு வேண்டிய இரண்டு வரிகள் அதில்தான் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, 52(1) பிரிவின் 'எல்' உட்கூறு. தொழில்முறை அல்லாத ஒரு மன்றமோ சங்கமோ, இலக்கியப் படைப்பையோ நாடகத்தையோ இசைப் படைப்பையோ பணம் கட்டாத பார்வையாளர்கள் முன் நிகழ்த்தினால் அது மீறல் ஆகாது. மன்றத்துப் பையன்கள் போடும் நாடகம், பெண்கள் குழுவின் கோலாட்டப் பாட்டு, பக்கத்துத் தெருக்காரர் பாடும் பழைய காதல் பாட்டு எல்லாம் இதற்குள் வரும்.

இரண்டாவது 'கே' உட்கூறு. லாப நோக்கில் தொடங்கப்படாத, லாபத்துக்காக நடத்தப்படாத ஒரு கிளப்போ அது போன்ற அமைப்போ, தன் செயல்பாடுகளின் பகுதியாக ஒலிப்பதிவைப் பொதுவில் ஒலிக்கவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருப்பவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கான ஹாலுக்கும் இதே சலுகை உண்டு. பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டுப் போடுவதைக் காப்பாற்றுவது இந்த வரிதான். பெங்களூருவில் இப்போது தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட கரோக்கே மாலைகளுக்கு இரண்டு உட்கூறுகளும் சேர்ந்தே தேவைப்படும்: பின்னணி இசை ஒலிப்பதிவு, பாடுகிறவர் நம் உறுப்பினர்.

எல்லாம் நுழைவாயிலில்தான் தீர்மானமாகிறது. 'எல்' உட்கூறு பார்வையாளர் பணம் கட்டினாரா என்று பார்க்கிறது. 'கே' உட்கூறு டிக்கெட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அமைப்பு லாபத்துக்கானதா என்று மட்டும் கேட்கிறது. அதற்காக டிக்கெட் அடித்துவிட்டு 'கே'யின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வசூலைப் பார்த்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது லாபத்தைப் பற்றித்தான். 'டோனர் பாஸ்' என்று பெயரை மாற்றி, அது இல்லாதவரை வாசலில் நிறுத்தினாலும் அது டிக்கெட்தான். உறுப்பினர் ஆண்டுச் சந்தா வேறு. அது மன்றத்தை நடத்துவதற்கு, அந்த ஒரு மாலைக்கு அல்ல. சந்தாவுக்கும் நுழைவுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைத்திருப்பதைவிட, நுழைவுக்கு ரசீதுப் புத்தகமே இல்லாமல் இருப்பது மேல்.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். 'எல்' உட்கூறு, மத அமைப்பின் நலனுக்காக நிகழ்த்தினாலும் மீறல் இல்லை என்கிறது. கோயில் கும்பாபிஷேக நிதிக்கு டிக்கெட் போட்டு நாடகம் நடத்தும் மன்றத்துக்குச் சலுகை உண்டு. தன் நூலகத்துக்குப் புத்தக அலமாரி வாங்க அதே நாடகத்தை அதே டிக்கெட்டுக்கு நடத்தும் மன்றத்துக்கு இல்லை. நூலகத்தின்மீது சட்டத்துக்கு என்ன கோபமோ.

மதச் சடங்குகளுக்குத் தனி விலக்கும் இருக்கிறது. உண்மையான மதச் சடங்கின்போதும், மத்திய, மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் அரசு விழாவின்போதும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் சேரும் என்று விளக்கக் குறிப்பே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை அறிவிப்பாகவும் நினைவூட்டியது. ஆனால் கோவா அரசு இதே பொருளில் 2024 ஜனவரியில் விட்ட சுற்றறிக்கையை, மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. சுற்றறிக்கையை நம்பி விழா எடுக்காதீர்கள். சட்டத்தின் வாசகமும் உங்கள் நிகழ்ச்சியின் தன்மையும்தான் பேசும். பொங்கல் மதச் சடங்கா, உழவர் திருநாளா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே தொடங்கப் போவதில்லை. 'எல்', 'கே' இருக்கும்போது அது தேவையும் இல்லை.

சலுகை எங்கெல்லாம் நின்றுவிடும்? கட்டணம் கொடுத்து அழைத்து வரும் மெல்லிசைக் குழு தொழில்முறைக் குழு. பார்வையாளர் இலவசமாக வந்தாலும் 'எல்' அதற்குப் பொருந்தாது. அந்த நிகழ்ச்சிக்கு உரிமம் வாங்குவதே நல்லது. அந்தச் செலவு குழுவுடையதா மன்றத்துடையதா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். திரைப்படத்தைத் திரைகட்டி ஓட்டுவதும் இந்த உட்கூறுகளுக்குள் வராது. பள்ளிக்கூடம் தன் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் படம் காட்டலாம். அதற்குத் தனி உட்கூறு இருக்கிறது. மன்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கிரிக்கெட் ஆட்டத்தை ஹாலில் போடுவது பற்றிக் கேட்கிறீர்களா? கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைக் காட்டுவதைத்தான் 37-வது பிரிவு மீறல் என்கிறது. ஆனால் உங்கள் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், அது வேறு தகராறு.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் யூடியூப். ஹாலில் பாட உரிமை இருக்கிறது என்பதற்காக, பாடியதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் உரிமை கூடவே வந்துவிடாது. எங்கள் பிள்ளைகளின் நடனக் காணொளியில் ஒலி மட்டும் காணாமல் போய், ஊமைப் படமாக ஓடியதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்குக் காலம் ஒரு வழி விட்டிருக்கிறது. வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை, படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். 1921-ல் மறைந்த பாரதியாரையும் 1964-ல் மறைந்த பாரதிதாசனையும் யாரும் பாடலாம். வரிக்குத்தான் இந்தச் சுதந்திரம். அதற்கு நேற்று ஒருவர் போட்ட மெட்டும் ஒலிப்பதிவும் அவருடையவை.

சரி, தொலைபேசி வந்தால் என்ன செய்வது? உரிமம் கேட்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. 1969-ல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சேர வேண்டிய பணத்தை வசூலிக்கும் பதிவுபெற்ற சங்கம். ஓட்டலும் வணிக நிகழ்ச்சியும் அங்கே பணம் கட்டுவது நியாயம். ஆகவே கோபப்படாமல் மூன்றைக் கேளுங்கள்: நீங்கள் யார், எந்தப் பதிவின் கீழ் வசூலிக்கிறீர்கள்? எந்தெந்தப் பாடல்களின் எந்த உரிமை உங்களிடம் இருக்கிறது? கட்டணப் பட்டியல் எங்கே வெளியாகியிருக்கிறது? பதிவுபெற்ற சங்கம் கட்டணப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று 33ஏ பிரிவு சொல்கிறது. பதில்களை எழுத்தில் கேளுங்கள். ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால், 60-வது பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போய்த் தடை கேட்கலாம். மறுபக்கமும் தெரிந்திருக்கட்டும்: தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன.

ஒலிபெருக்கி அனுமதி இதிலிருந்து முற்றிலும் வேறு. அது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்துமூலம் பெற வேண்டியது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய சமுதாயக் கூடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி என்றால் விலக்கு உண்டு. பாட்டு உரிமம் இதற்கு ஈடாகாது, இது அதற்கு ஈடாகாது.

எங்கள் மன்றம் அந்த அழைப்புக்கு மின்னஞ்சலில் நான்கு வரி அனுப்பியது: லாப நோக்கமற்ற பதிவுபெற்ற சங்கம், பதிவு எண் இது, நுழைவு இலவசம், நிகழ்த்துவோர் அனைவரும் எங்கள் உறுப்பினர்களும் அவர்களின் பிள்ளைகளும், 52(1) பிரிவின் 'கே', 'எல்' உட்கூறுகளின்படி உரிமம் தேவையில்லை என்று கருதுகிறோம். கூடவே அழைப்பிதழையும் இணைத்தோம். 'அனுமதி இலவசம்' என்ற வரி முன்பு அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இப்போது தேதிக்குப் பக்கத்திலேயே அச்சாகிறது.